கடல் மீன் தொட்டியில் நீர் குறைந்தால் எதை ஊற்றுவது?

கேள்வி: ஐயா, எட்டு ஆண்டுகளாக நன்னீர் வண்ண மீன்கள் வளர்க்கிறேன். கப்பி, மோலி, ஏஞ்சல் எல்லாம் குஞ்சு எடுத்து விற்ற அனுபவம் உண்டு. சின்னதாக ஒரு பவளத் தொட்டி வைக்க ஆசைப்பட்டு 50 லிட்டர் தொட்டி வாங்கினேன். கல்லும் மணலும் போக 40 லிட்டர் நீர் பிடிக்கிறது. கடல் உப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தி (நன்னீரைவிட எத்தனை மடங்கு அடர்வு என்ற அளவு) 1.026 இருக்கும்படி பார்த்து, மூன்றாம் நாளே இரண்டு கோமாளி மீன், லெதர் கோரல் என்ற மென்பவளம் ஒன்று, பூப்போலத் தோன்றும் விலங்கான கடல் சாமந்தி ஒன்று விட்டேன். தினமும் அரை லிட்டர் குறைகிறது. அதே உப்பு நீரைக் கலந்து ஊற்றி மட்டத்தைச் சரிசெய்துவிடுகிறேன். இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு மீன் மேலே வந்து வேகமாக மூச்சு வாங்குகிறது. பவளம் நான்கு நாளாக விரியவில்லை. மணல் மேல் பழுப்பாகப் படிகிறது. ஆனால் நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. எங்கே தவறு செய்தேன்? எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கலாமா?

பதில்: கலைக்க வேண்டாம். குறைந்த நீருக்கு ஈடாக உப்பு நீரை ஊற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி நோய் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். உப்பளத்தில் பாத்தி கட்டி வேண்டுமென்றே செய்வதை நீங்கள் தெரியாமல் தொட்டிக்குள் செய்துகொண்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு அரை லிட்டர் என்றால் 14 நாளில் 7 லிட்டர். ஒப்படர்த்தி 1.026 என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அந்த வீதம் 245 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. 40 லிட்டரில் அதைப் பிரித்தால் லிட்டருக்கு ஆறு கிராம். 35-ல் தொடங்கிய உப்பு இப்போது 41-ஐத் தொட்டிருக்கும். ஒப்படர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை இப்போது இறக்கினால் 1.031 வாக்கில் காட்டும், பாருங்கள். நன்னீர்த் தொட்டியில் குறைந்ததற்கு அதே நீரை ஊற்றிப் பழகிய கை இது. அங்கே அதனால் பெரிய கெடுதல் தெரியாது. இங்கே மீன் தாங்கினாலும் பவளம் தாங்காது.

மீதிப் பாதி நோய் அமோனியா. நன்னீரில் குஞ்சு எடுத்த உங்களுக்கு இது புதிதல்ல. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக மூன்றிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் மூன்று நாளில் மீன் விட்டீர்கள். நன்னீரில் இப்படி அவசரப்பட்டும் தப்பித்திருப்பீர்கள். பி.எச். 7 பக்கம் இருக்கும் நீரில் அமோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அம்மோனியமாக நிற்கும். கடல் நீரின் பி.எச். 8.2 பக்கம். அங்கே நச்சு வடிவத்தின் பங்கு பத்து மடங்குக்கும் மேல் கூடிவிடும். போதாததற்கு, உப்பு நீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிடிக்கும், கடல் நீர் 7-க்கும் கீழே. மீன் மேலே வந்து மூச்சு வாங்குவதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. அமோனியாவுக்கு நிறமில்லை. நீர் தெளிவாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியது இது. உப்பு நீருக்கான அமோனியா, நைட்ரைட் சோதனைக் குப்பிகளை வாங்கி அளந்து, எண்ணைக் குறித்து வையுங்கள். அதன் பிறகு தினம் 10 லிட்டர் எடுத்துவிட்டு, சரியாக 35 உப்புள்ள, அதே வெப்பநிலையில் உள்ள புதிய நீரை மெதுவாக ஊற்றுங்கள். முதல் நாள் 41 என்பது 39.5 ஆகும், அடுத்த நாள் 38.4, ஐந்தாம் நாள் 36.5-க்குக் கீழே வந்துவிடும். உப்பு படிப்படியாக இறங்கும், அமோனியாவும் ஒவ்வொரு முறையும் கால் பங்கு குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆவியாகிக் குறைவதற்கு மட்டும் இனி உப்பில்லாத சுத்த நீர். இரண்டு நாள் தீனி போடாதீர்கள், பிறகும் ஒரு வாரத்துக்கு ஒன்றுவிட்ட நாள் சிட்டிகையளவு போதும். பம்பின் வாயை மேற்பரப்பு நன்றாக அலையும்படி திருப்பி வையுங்கள். நன்றாக ஓடும் கடல் தொட்டி உள்ள நண்பர் யாராவது இருந்தால் மீன்களையும் கடல் சாமந்தியையும் அவரிடம் விட்டு வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

கடல் சாமந்தியைத் திரும்ப வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஓராண்டாவது ஓடி நிலைபெற்ற தொட்டிக்கு உரியது அது. பிடிக்காவிட்டால் இடம்விட்டு இடம் நகரும். என் முதல் தொட்டியில் ஓர் இரவில் நகர்ந்து போய் பம்பின் உறிஞ்சுவாயில் சிக்கி அரைபட்டது. விடியும்போது நீர் பால் போல் கலங்கி, மற்ற உயிர்களும் போயிருந்தன. கோமாளி மீன் அது இல்லாமலே நன்றாக வாழும்.

லெதர் கோரல் சுருங்கியதற்கு இப்போது உப்புதான் காரணம். ஆனால் இந்த வகைப் பவளம் எல்லாம் சரியாக இருக்கும்போதும் சில நாள் மூடிக்கொண்டு மெழுகு போன்ற தோலை உரிக்கும். உப்பு இறங்கி ஒரு வாரம் ஆன பிறகும் அழுகல் வாடை இல்லாமல் சுருங்கியே இருந்தால், அதன் மேல் நீரோட்டம் படும்படி வைத்துவிட்டுக் காத்திருங்கள். மணலில் படியும் பழுப்பு டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், மணலிலும் நீரிலும் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் போகும். அடுத்து பச்சைப் பாசி வரும், சில சமயம் சிவப்பாகச் சளி போலவும் படரும். எதற்கும் மருந்து ஊற்றாதீர்கள்.

மருந்து என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நன்னீர்க்காரர்கள் அலமாரியில் தாமிரம் கலந்த மருந்து கட்டாயம் இருக்கும். அது பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொல்லும். கல்லிலும் மணலிலும் ஊறிப் பல மாதம் தங்கும். பவளத் தொட்டிக்குள் அது ஒரு சொட்டும் விழக் கூடாது. கடல் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணியால் வருவது. நன்னீரில் நீங்கள் பார்த்த வெள்ளைப்புள்ளி வேறு உயிரி. தாமிர வைத்தியம் தனித் தொட்டியில்தான். அதனால் புதிய மீன் எதுவானாலும் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே இங்கே விட வேண்டும்.

இனி தொட்டியைச் சரியாக நடத்துவது பற்றி. சின்னத் தொட்டி சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 40 லிட்டரில் அரை லிட்டர் ஆவியானால் உப்பு நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் ஏறுகிறது. 120 லிட்டரில் அதே அரை லிட்டர் தெரியவே தெரியாது. மீண்டும் வாங்குவதாக இருந்தால் 60க்கு 45க்கு 45 சென்டிமீட்டர் தொட்டியைப் பாருங்கள், சுமார் 120 லிட்டர் வரும். நீர் மட்டுமே 120 கிலோவுக்கு மேல், கண்ணாடியும் கல்லும் தனி, ஆகவே கீழே உறுதியான தாங்கு வேண்டும். இருக்கும் தொட்டியே போதும் என்றால் அதிலும் முடியும். ஆனால் நீர்மட்டத்தைக் கவனிப்பதில் ஒரு நாளும் தவறக் கூடாது. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினம் காலையில் கோடு வரை சுத்த நீர் ஊற்றுங்கள். தானாக ஊற்றும் கருவியும் கிடைக்கிறது. அதற்கான நீர்க் கலம் 4 லிட்டருக்கு மேல் வேண்டாம். மிதவை சிக்கி மொத்தமும் உள்ளே கொட்டினால்கூட உப்பு 35-லிருந்து 32 வாக்கில் நிற்கும். எனக்கு ஒருமுறை 20 லிட்டர்க் கலம் கொட்டியது. தொட்டியும் தரையும் சேர்ந்தே குளித்தன.

ஊற்றும் நீர் எது என்பதும் முக்கியம். குழாய் நீரில் குளோரின் மட்டுமல்ல, நைட்ரேட், பாஸ்பேட், சில இடங்களில் தாமிரம்கூட இருக்கும். ஆர்.ஓ. நீரைக் கடைசியில் அயனி நீக்கும் பிசின் வழியாகவும் விட்டு, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) பூஜ்யம் காட்டும் நீரே ஏற்றது. குடிநீர்க் கருவியின் நீரில் சுவைக்காகத் தாது சேர்த்திருப்பார்கள், அது ஆகாது. உப்பும் பவளத் தொட்டிக்கென்று விற்கும் கலவையாகவே இருக்கட்டும். சமையல் உப்பில் சோடியம் குளோரைடுதான் இருக்கிறது, கடல் நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் உண்டு. தனி வாளியில் பம்பு வைத்து ஒரு நாள் சுற்றவிட்டு, அளந்த பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள். மீன் இருக்கும்போது உப்பைத் தொட்டிக்குள் நேராகக் கொட்டக் கூடாது. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறும். ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 அளவுள்ள சோதனைத் திரவத்தால் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியை முற்றிலும் புதிதாக வைப்பவர்கள் மீன் இல்லாமலே பாக்டீரியாவை வளர்க்கலாம். உப்பு, கல், மணல், 25 டிகிரி வெப்பம், ஓடும் பம்பு, விளக்கு அணைந்தபடி. புட்டியில் வரும் பாக்டீரியாவைச் சேர்த்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அமோனியா விடுங்கள். அப்படி விட்டது 24 மணி நேரத்துக்குள் நைட்ரைட் உட்பட பூஜ்யமானால் தொட்டி தயார். நீரில் கொஞ்சம் மாற்றிவிட்டு முதல் உயிரை விடலாம். வேலையைச் செய்வது கல்தான், ஃபில்டர் பெட்டி அல்ல. இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் கடலில் கிடந்த உயிருள்ள கல்லையும் (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியேறிய கல்) காற்றுக்குமிழியையும் மட்டுமே வைத்துப் பவளம் வளர்த்து, 1961-ல் அதைப் பற்றி எழுதினார். இன்றைய பவளத் தொட்டிகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்த வழியில் வந்தவைதான். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் நல்ல கருவி, ஆனால் 40 லிட்டருக்குத் தேவையில்லை. வாரம் 10 விழுக்காடு நீர் மாற்றினால் போதும். மென்பவளங்கள் மட்டும் இருக்கும்வரை கால்சியம், காரத்தன்மை ஆகியவற்றுக்கும் அந்த மாற்றமே ஈடுகொடுக்கும்.

பவளத்தின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. பவளத்தின் உணவில் பெரும்பங்கு அவை ஒளியிலிருந்து சமைத்துத் தருவது. ஆகவே நீலம் தூக்கலான எல்.இ.டி. விளக்கு தினம் எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் வேண்டும். முதலில் பாதி ஒளியில் தொடங்கி வாரா வாரம் கூட்டுங்கள். வெப்பம் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். 30-ஐத் தாண்டி நீடித்தால் அந்தப் பாசிகள் வெளியேறி, பவளம் வெளுக்கும். சிறு விசிறியை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவதும் அந்த அளவுக்குக் கூடும், சுத்த நீர் ஊற்றுவதும் கூட வேண்டும். நீரோட்டத்துக்கு மணிக்கு 800 லிட்டர் வாக்கில் தள்ளும் வேவ் மேக்கர் ஒன்று போதும். அது பவளத்தின் முகத்தில் நேராக அடிக்காமல் கண்ணாடியில் மோதித் திரும்பட்டும்.

மீன் விஷயத்தில் கை அரிக்கும், கட்டுப்படுத்துங்கள். 40 லிட்டருக்கு அந்த இரண்டு கோமாளிகளே நிறைவு. பிறக்கும்போது அவை எல்லாம் ஆண்தான். ஜோடியில் வலுத்தது பெண்ணாக மாறும். ஆகவே வாங்கும்போது ஒன்று சற்றுப் பெரிதும் ஒன்று சிறிதுமாக, பண்ணையில் பிறந்ததாகப் பார்த்து வாங்கினால் சண்டை குறைவு. நீல டாங்கு அழகுதான், ஆனால் அடி நீளம் வளரும். மாண்டரின் மீன் நாள் முழுக்க கோப்பிபாடு என்ற நுண்ணிய ஓட்டுயிரிகளைப் பொறுக்கித் தின்பது. புதிய சின்னத் தொட்டியில் அது பட்டினியால் சாகும். பாசி தின்ன இரண்டு மூன்று நத்தைகளும் ஒரு துறவி நண்டும் விடலாம்.

அடுத்த பவளமாகக் காளான் பவளம் நல்ல தொடக்கம். ஸீனியா என்ற மென்பவளம் களை போலப் படரும், தனிக் கல்லில் வையுங்கள். பவளத்தின் உறவான ஸோயாந்திட் வகையில் சிலவற்றிடம் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை, கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடி இல்லாமல் வெட்டக் கூடாது. அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது, ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் மருத்துவமனை வரை போயிருக்கிறார்கள். கல் பவளங்கள் எல்லாமே அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை, கடலில் உடைத்து எடுப்பது பல நாடுகளில் குற்றம். எந்தப் பவளமானாலும் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுதானா, சட்டம் அனுமதிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்த பிறகே வாங்குங்கள்.

இன்னொன்று, மின் வயர்கள் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

ஐந்து நாள் நீர் மாற்றிய பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். உப்பு, அமோனியா, நைட்ரைட், வெப்பம் நான்கையும் எந்த நாளில் எவ்வளவு என்று எண்ணாக எழுதுங்கள். நீர் தெளிவாக இருக்கிறது என்ற வரியை வைத்துக்கொண்டு என்னால் வைத்தியம் சொல்ல முடியாது.