புகையான் மருந்துக்குப் பழகிவிட்டதா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இரண்டு ஏக்கர் நெல். முன்பெல்லாம் இமிடாகுளோப்ரிட் மருந்து அடித்தால், தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி கொத்தாகச் செத்துக் கிடக்கும். இப்போது இரண்டு மடங்கு அடித்தும் பயிர் வட்ட வட்டமாகக் காய்கிறது. பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டதா?
- வாசகர், சித்தூர் தாலுகா, பாலக்காடு

பதில்: எந்தப் பூச்சியும் பழகவில்லை. மருந்தைச் சிதைக்கும் நொதி அதிகம் சுரக்கும் சில பூச்சிகள், நீங்கள் தெளிக்கும் முன்பே வயலில் இருந்தன. மற்றவை செத்தன, இவை முட்டையிட்டன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 பூச்சியில் 10 மட்டும் தாங்கும் வகை என்று வையுங்கள். மருந்து மற்றவற்றில் 100-க்கு 95-ஐக் கொல்கிறது, குஞ்சுகள் தாயைக் கொண்டு பிறக்கின்றன. முதல் தெளிப்புக்குப் பின் தாங்கும் வகை 100-க்கு 2. இரண்டாவதற்குப் பின் 29. மூன்றாவதற்குப் பின் 89. முதல் இரண்டு தடவையும் மருந்து நன்றாகக் கேட்டதாகவே தோன்றும், அதுதான் ஆபத்து. ஒரு பெண் பூச்சி 200-க்கு மேல் முட்டையிடும், ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் போதும். ஒரே போகத்தில் கூட்டமே மாறிவிடும்.

அளவைக் கூட்டினால் அரைகுறையாகத் தாங்குபவை சாகும், முழுதாகத் தாங்குபவை மிஞ்சும். புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் கூடவே போகும். தயாமீதாக்சாம் என்ற வேறு மருந்துக்கு மாறினாலும் பெரிய பலன் இராது. இரண்டும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. பெயர் மாறினால் போதாது, தாக்கும் வழி மாறவேண்டும். புப்ரோஃபெசின் குஞ்சுகள் தோலுரிப்பதைத் தடுக்கும், வளர்ந்த பூச்சியைக் கொல்லாது. ஆகவே குஞ்சுப் பருவத்திலேயே அடிக்க வேண்டும். பைமெட்ரோசின் சாறு உறிஞ்சுவதை நிறுத்தும். லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்து வேண்டவே வேண்டாம், புகையானைப் பெருக்கிவிடும்.

தெளிக்கும் முன் குத்தை (ஒரே இடத்தில் நட்ட தூர்களின் கொத்தை) விலக்கித் தூரின் அடியில் எண்ணுங்கள். தூருக்கு 1 பூச்சி இருந்தால் மருந்து வேண்டும். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். தண்ணீரை வடித்துவிட்டு, தூரின் அடிப்பகுதி நனையும்படி அடியுங்கள். இலை மேல் விழும் மருந்து வீண். தாக்கிய வட்டத்தையும் அதன் ஓரத்தையும் மட்டும் அடித்தால் போதும்: வெளியே பிழைக்கும் சாதாரணப் பூச்சிகள் தாங்கும் வகையோடு கலந்து அதன் பங்கைக் குறைக்கும். அடுத்த நடவில் 8 அடிக்கு ஒரு முறை 1 அடி பட்டம் (நடாத இடைவெளி) விடுங்கள், யூரியாவைப் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: புகையான் தாங்கும் ரகம் போட்டால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: மருந்தைப் போல ரகமும் ஒரு வடிகட்டிதான், அதைத் தாண்டும் பூச்சி மட்டும் மிஞ்சிப் பெருகும். 1973-ல் வந்த ஐ.ஆர். 26 நெல் ரகத்தில் எதிர்ப்பு மரபணு ஒன்றே ஒன்று. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அதைத் தின்று பிழைக்கும் புகையான் சில ஆண்டுகளிலேயே பெருகியது. உங்கள் மாவட்டத்துப் பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பி.டி.பி. 33 ரகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒருசேரத் தாண்டும் பூச்சி அரிது. அதனால்தான் இன்றும் புதிய ரகங்களின் எதிர்ப்பைச் சோதிக்க அதை அருகில் வைத்து ஒப்பிடுகிறார்கள். உங்கள் மண்ணுக்கு ஏற்ற ரகத்தைக் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) கேளுங்கள். கிடைத்தாலும் எண்ணிப் பார்ப்பதை விடாதீர்கள்.