ஸ்விட்ச்: கையில் மட்டும் ஆடும் மாடல் வேண்டுமா, டிவிக்கு மட்டும் ஒன்று வேண்டுமா? கேள்வி பதில்

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கையிலும் டிவியிலும் ஆடக்கூடிய கேம் கருவி. அதன் அடுத்த தலைமுறையான ஸ்விட்ச் 2 வந்ததிலிருந்து பல பேர் இதையே சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். பழைய ஸ்விட்ச்சுக்குக் கையில் மட்டும் ஆடும் ‘லைட்’ வந்த மாதிரி இதற்கும் ஒன்று வர வேண்டுமா, டிவியோடு மட்டும் இணைகிற மலிவான பெட்டி ஒன்று ஏன் வரக் கூடாது என்று. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் மட்டும் வைத்து ஆடும் மாடல் கண்டிப்பாக வேண்டும், டிவி மட்டும் மாடல் வேண்டாம். காரணங்கள் பதில்களுக்குள் வரும்.

கேள்வி: அண்ணா, லைட்டில் என்னென்ன கிடையாது? டாக் (டிவியோடு இணைக்கும் தாங்கி) தனியாக வாங்கிப் போட்டால் டிவியில் வராதா?

வராது. லைட்டின் யூஎஸ்பி-சி துளையில் சார்ஜ் ஏறும், படம் வெளியே போகாது. அதற்கான பாகத்தையே உள்ளே வைக்கவில்லை, அதனால் எந்த டாக் வாங்கினாலும் பயனில்லை. 2019 செப்டம்பரில் 199.99 டாலருக்கு வந்தது, பெரிய ஸ்விட்ச்சை விட 100 டாலர் குறைவு. திரை 6.2 அங்குலத்திலிருந்து 5.5 ஆனது. ஜாய்-கான் என்ற பக்கவாட்டு கன்ட்ரோலர்களைக் கழற்ற முடியாது, அதிர்வு கிடையாது, நிறுத்தி வைக்கும் பின்கால் கிடையாது. ஆனால் எடை 275 கிராம்தான், பெரியது கிட்டத்தட்ட 400. அந்த வித்தியாசம் படுத்துக்கொண்டு ஆடும்போது கையில் தெரியும். ஒரு தொல்லை, சில கேம்களில் எழுத்து பொடியாக இருக்கும். செட்டிங்ஸில் ஜூம் வசதியை இயக்கி வைத்தால் ஹோம் பட்டனை இரண்டு தடவை தட்டிப் பெரிதாக்கிப் படிக்கலாம். பல பேருக்கு இது இருப்பதே தெரியாது.

கேள்வி: நான் வாங்கிய நாளிலிருந்து டாக்கை விட்டு எடுத்ததே இல்லை. எனக்கு எதற்குத் திரையும் பேட்டரியும்? அதை எடுத்துவிட்டுப் பாதி விலைக்குக் கொடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி, இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் பாதி விலை என்பது நடக்காது. திரையும் பேட்டரியும் போனாலும் சிப், மெமரி, சேமிப்பிடம், குளிர்விக்கும் விசிறி, கார்டு துளை எல்லாம் அப்படியே இருக்கும். கன்ட்ரோலர் இல்லாமல் டிவி பெட்டியை விற்க முடியாது, அதையும் பெட்டிக்குள் வைத்தாக வேண்டும். லைட்டில் அந்தச் செலவு மிச்சம், கன்ட்ரோலர் உடம்போடு ஒட்டியிருப்பதால் தனி ரேடியோ, தனி பேட்டரி, கன்ட்ரோலரைச் செருகும் பக்கத் தண்டவாளம் எதுவும் வேண்டாம். ஆக டிவி மாடலில் கிடைக்கும் மிச்சத்தில் ஒரு பங்கை கன்ட்ரோலரே தின்றுவிடும்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். ஸ்விட்ச் கேம் என்றால் அது இரண்டு வேகத்தில் ஓடத் தயாராக இருக்க வேண்டும். முதல் ஸ்விட்ச்சில் கிராபிக்ஸ் சிப் டாக்கில் இருக்கும்போது 768 மெகாஹெர்ட்ஸ், கையில் எடுத்தால் 307 அல்லது 384 என்று இறங்கும். லைட் செய்தது என்ன? எல்லா கேமிலும் ஏற்கெனவே இருக்கிற கீழ் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. டிவிக்குப் படம் போவதைத் தவிர்த்துப் பார்த்தால் விடுபட்டது கழற்றக்கூடிய கன்ட்ரோலர், அதையும் தனியாக வாங்கி வயர்லெஸ்ஸில் இணைத்துக்கொள்ளலாம். டிவி மாடலில் விடுபடுவது திரை. தொடுதிரையும் அதோடு போய்விடும், அதை எந்தக் கடையில் வாங்கி ஒட்டுவது? கையடக்க மாடலில் ஆட்டத்துக்காக இழந்ததைச் செலவழித்துத் திரும்பப் பெறலாம், டிவி மாடலில் முடியாது. என் முழு வாதமும் இதுதான்.

அப்புறம், டிவிக்குக் கீழே வைக்கிற பெட்டி என்று ஆகிவிட்டால் வாங்க வருகிறவர் அதைப் பக்கத்தில் இருக்கும் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் இரண்டோடும் படத் தரத்தில் ஒப்பிடுவார். அந்தப் போட்டியில் ஸ்விட்ச் தோற்கும். அதே படம் கையில் ஓடுகிறது என்பதுதான் அதன் பலம். அந்தப் பலத்தைக் கழற்றிவிட்டு விற்கச் சொல்கிறோம்.

கேள்வி: டாக்கில் போட்டால் வேகம் கூடுகிறது என்றால் அந்த டாக்குக்குள் இன்னொரு சிப் இருக்கிறதா?

இல்லை. டாக் மின்சாரம் கொடுக்கிறது, படத்தை ஹெச்டிஎம்ஐக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். பேட்டரியைப் பற்றிய கவலை இல்லாததால் உள்ளே இருக்கிற அதே சிப் வேகமாக ஓடுகிறது. ஸ்விட்ச் 2 டாக்கில் கூடுதலாக ஒரு விசிறி வைத்திருக்கிறார்கள், அது சூட்டைக் குறைக்க.

கேள்வி: சார், டிவி மட்டும் மாடலை சோனி செய்து பார்த்ததே? அது ஏன் ஓடவில்லை?

சோனியின் கையடக்கக் கருவி வீட்டா, அதன் டிவி மாடலான வீட்டா டிவியைச் சொல்கிறீர்கள். நல்ல உதாரணம். 2013 நவம்பரில் ஜப்பானில் வந்தது, அடுத்த அக்டோபரில் பிளேஸ்டேஷன் டிவி என்ற பெயரில் 99 டாலருக்கு அமெரிக்காவில். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, வீட்டா கார்டைச் செருகி டிவியில் ஆடலாம், விலையும் அருமை. சிக்கல் எங்கே வந்தது என்றால், வீட்டாவுக்கு முன்னால் தொடுதிரை, பின்னால் தொடுபலகை, கேமரா, அசைவு உணரி எல்லாம் இருந்தன, கேம் செய்தவர்கள் அவற்றை நம்பிச் செய்திருந்தார்கள். அதனால் அனுமதிக்கப்பட்ட கேம்கள் என்று ஒரு பட்டியல் வைத்தார்கள், மற்றவை செருகினாலும் திறக்காது. காசு கொடுத்து வாங்கிய கார்டைப் போட்டால் இது இந்தக் கருவியில் ஓடாது என்று திரையில் வருவது எவ்வளவு எரிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். 2016 தொடக்கத்துக்குள் எல்லா இடங்களிலும் நிறுத்திவிட்டார்கள். விலை குறைவாக இருந்தும் அது போகவில்லை, கவனிக்க வேண்டியது அதுதான்.

கேள்வி: லைட்டிலும்தான் சில கேம் ஓடாதே, அதை மட்டும் ஏன் மன்னிக்கிறீர்கள்?

சரியான பிடி. ‘சூப்பர் மரியோ பார்ட்டி’ கையடக்க முறையில் ஆட முடியாது, ‘ரிங் ஃபிட் அட்வெஞ்சர்’ ஆட ஜாய்-கான் தனியாக வேண்டும். கேம் பெட்டியின் பின்புறம் டிவி, மேசை, கையடக்கம் என்று மூன்று சின்னம் போட்டிருப்பார்கள், வாங்கும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் அந்த கேம்களைக்கூட லைட்டில் திறக்கலாம், ஜாய்-கான் ஒரு ஜோடி வாங்கி இணைத்து, லைட்டை எதிலாவது சாய்த்து வைத்து ஆடலாம். வசதியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், சின்னத் திரையில் நாலு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். ஆனாலும் கதவை அடைக்கவில்லை, வீட்டா டிவி அடைத்தது.

கேள்வி: பெரியவன் ஸ்விட்ச்சை விடுவதே இல்லை. சின்னவளுக்கு லைட் வாங்கித் தரலாமா? கேம் எல்லாம் திரும்ப வாங்க வேண்டுமா?

தாராளமாக வாங்குங்கள் அம்மா, லைட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வீடு கிடையாது. வீட்டில் டிவி ஒன்றுதான், இரண்டாவது கருவிக்கு டாக் எதற்கு? ஜப்பானில் 2018லேயே டாக் இல்லாமல் ஸ்விட்ச்சை மட்டும் இரண்டாவது செட் என்று 24,980 யென்னுக்கு விற்றார்கள். வீட்டுக்கு ஒன்று என்பது போய் ஆளுக்கு ஒன்று என்று ஆகும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது, லைட் அதற்கு அடுத்த வருடம் வந்தது.

கார்டில் வாங்கிய கேம் என்றால் கார்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். டவுன்லோட் செய்த கேம் முன்பு பெரிய தலைவலியாக இருந்தது, 2025 ஏப்ரலில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு விர்ச்சுவல் கேம் கார்டு என்று ஒரு முறை வந்திருக்கிறது, குடும்பக் குழுவில் உள்ளவருக்கு 14 நாளைக்கு ஒரு கேமைக் கடன் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், ஆடிய சேமிப்பு கார்டில் இருக்காது, கருவியில்தான் இருக்கும். கிளவுட்டில் ஏற்றச் சந்தா வேண்டும், போகிமான் மாதிரி சில கேம்கள் பல வருடம் அதையும் ஏற்கவில்லை. எனவே இரண்டு பிள்ளைகளும் ஒரே விளையாட்டைத் தொடர்ந்து ஆடப் போகிறார்கள் என்றால் ஆளுக்கொரு கருவியில் தனித்தனியாகத் தொடங்குவதே நல்லது, சண்டையும் குறையும்.

கேள்வி: ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியைச் செய்தவர்கள் டிவிக்கு ஒரு பெட்டி அறிவித்தார்களே. அவர்கள் செய்யலாம், நிண்டெண்டோ செய்யக் கூடாதா?

டெக்கைச் செய்த வால்வ் நிறுவனம் 2025 நவம்பரில் ஸ்டீம் மெஷினை அறிவித்தது. ஆனால் அங்கே நிலைமை வேறு. வால்வின் கேம் கடையான ஸ்டீமில் இருப்பவை கணினி கேம்கள், மேசையில் பெரிய திரையில் ஆடத்தான் பெரும்பாலும் செய்யப்பட்டவை, எந்தச் சக்தியிலும் ஓடும்படி தரத்தை ஏற்றி இறக்கும் வசதி உள்ளேயே உண்டு. அவற்றுக்கு டிவி பெட்டி சொந்த வீடு, டெக்தான் புது இடம். ஸ்விட்ச்சில் கேம் செய்பவர் இரண்டே இரண்டு நிலைக்குச் சோதித்து வெளியிடுகிறார். அதைவிடச் சக்தி கூடிய டிவி பெட்டி என்றால் மூன்றாவது சோதனை, அந்த வேலை சின்ன நிறுவனங்கள் தலையில்தான் விழும். சக்தியைக் கூட்டாமல் விட்டால் ஏற்கெனவே டாக்கில் இருப்பது போலவே இருக்கும், பிறகு அதை வாங்குவானேன்?

ஒரு காலத்தில் நிண்டெண்டோ கையடக்கமான 3டிஎஸ்ஸுக்கும் டிவிக்கான வீ யூவுக்கும் தனித்தனியாக கேம் செய்து திணறியது. 2015ல் தன் கேம் தயாரிப்புப் பிரிவுகளை ஒன்றாக இணைத்தார்கள், 2017ல் ஸ்விட்ச் வந்தது, 15 கோடிக்கு மேல் விற்றது. அதில் லைட் மட்டும் சுமார் இரண்டரைக் கோடி. எல்லா கேமும் ஒரே இடத்துக்கு வந்ததுதான் அந்த வெற்றிக்குப் பெரிய காரணம் என்று நம்புகிறேன், அதைத் திரும்பப் பிரிக்கிற எதுவும் எனக்குப் பயம் தருகிறது.

கேள்வி: ஸ்விட்ச் 2க்கு லைட் வந்தால் எப்படி இருக்க வேண்டும்?

முதல் ஆசை எடை. ஸ்விட்ச் 2 கன்ட்ரோலரோடு அரைக் கிலோவைத் தாண்டுகிறது, 7.9 அங்குலத் திரை, எட்டு வயதுக் குழந்தையின் கையில் அது பலகை. 2025ல் வெளியானபோது இருந்த 449.99 டாலர் விலையும் இன்னொரு காரணம். இரண்டாவது, யூஎஸ்பி-சியில் படம் வெளியே போகும் வழியைத் தயவுசெய்து அடைக்காதீர்கள், டாக்கைப் பெட்டியில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம்: விரலால் தள்ளி நகர்த்தும் ஸ்டிக் பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றும்படி வையுங்கள். பெரிய ஸ்விட்ச்சில் ஸ்டிக் தானாக நகர ஆரம்பித்தால் ஜாய்-கானைத் தூக்கி வைத்துவிட்டு வேறொன்றைச் செருகி ஆடலாம். லைட்டில் கருவியையே பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, சென்னையில் ஒருத்தர் பழைய லைட் விற்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?

தம்பி, அந்த ஸ்டிக்கைத்தான் முதலில் பார். ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக வெளியாகவில்லை, எல்லாம் இறக்குமதி, அதனால் கம்பெனி சர்வீஸை நம்ப முடியாது. நேரில் போய்க் கையில் வாங்கு. செட்டிங்ஸில் கன்ட்ரோலர், சென்சார் பகுதிக்குப் போனால் ஸ்டிக்கைச் சரிசெய்யும் இடம் இருக்கும், அதில் ஒரு வட்டமும் உள்ளே ஒரு குறியும் வரும். ஸ்டிக்கை ஒரு சுற்று சுற்றிவிட்டு விரலை எடு. குறி நடுவில் வந்து நிற்க வேண்டும், பக்கவாட்டில் நகர்ந்தாலோ துடித்தாலோ விலையில் ஸ்டிக் மாற்றும் செலவைக் கழித்துக் கேள். இரண்டு ஸ்டிக்கையும் பார், இடதுதான் அதிகம் தேயும், ஏனென்றால் நடப்பதும் ஓடுவதும் அதில்தான். பின்பக்க ஸ்க்ரூ மூன்று முனை கொண்டது, அதன் தலை சிதைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள், எதற்காகத் திறந்தீர்கள் என்று நேராகவே கேட்டுவிடு.