கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். மகன் பிளஸ் ஒன். அவன் வகுப்பில் இரண்டு பையன்களின் பையில் டேபெண்டடால் என்ற வலி மாத்திரை இருந்ததாம், போதைக்காக. மாணவர்கள் எல்லோருக்கும் திடீர் சிறுநீர்ப் பரிசோதனை, சிக்குபவருக்கு டி.சி. என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. வலிக்காகத் தரப்படும் டேபெண்டடாலைக் கடைகளில் வாங்கும் சாதாரணப் பரிசோதனைப் பட்டை பெரும்பாலும் காட்டாது. ஆனால் கோடீன் என்ற அபின் வகை மருந்து கலந்த இருமல் மருந்தை டாக்டர் சொல்லிக் குடித்த பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும். எதைப் பிடிக்க வலை விரிக்கிறீர்களோ அது நழுவும். எது சிக்கக் கூடாதோ அது சிக்கும்.

டி.சி. அதைவிட மோசம். பள்ளிதான் அந்தப் பையனை நாள்தோறும் பார்க்கும் ஒரே இடம். அதை மூடிவிட்டால் தெருமுனையில் மாத்திரை விற்பவனுக்குத்தான் லாபம்.

பயமுறுத்தும் படங்கள், போலீஸ்காரர் உரை, திருந்தியவரின் கண்ணீர்க் கதை ஆகியவற்றை நம்பியே நம் விழிப்புணர்வு விழாக்கள் நடக்கின்றன. (நானும் ஒன்றில் தலைமை தாங்கிக் கைதட்டு வாங்கியவள்.) இவை பலன் தருவதில்லை என்று ஐ.நா.வும் உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் சேர்ந்து வெளியிட்ட தடுப்பு வழிகாட்டி சொல்கிறது. நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது, மனம் கனத்தால் யாரிடம் போவது என்பதைப் பயிற்சி பெற்ற ஆசிரியர் பல வாரம் பேசிப் பழக்குவதையே அது பரிந்துரைக்கிறது.

சட்டமும் வெறும் தடி அல்ல. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் சிறிய அளவோடு சிக்கினாலும், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. 2017 மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தையும் சிகிச்சைக்குரியதாகவே பார்க்கிறது. நோயாளியின் ரகசியத்தையும் காக்கச் சொல்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

கூட்டத்தில் டி.சி. என்ற வரியை அடித்துவிட்டு, 'ஆலோசகரிடம் அனுப்புவது' என்று எழுதச் சொல்லுங்கள். நாலு பேர் முறைப்பார்கள், முறைக்கட்டும். போகிற வழியில் அந்த இரண்டு பையன்களின் அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். தீர்மானம் எழுதிய அன்று அவர்களை யாராவது அழைத்தார்களா?