முத்துவ ஜெர்மனிக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா?

கேள்வி: அக்கா, நாங்க மண்டபம் பக்கம். வீட்டுக்காரருக்கு ஜெர்மனில ஹாம்பர்க்ல வேலை, எனக்கும் பொண்ணுக்கும் இப்பதான் விசா வந்துச்சு, ரெண்டு மாசத்துல கிளம்பணும். எங்க முத்து நாட்டு நாய், கருவாடு காயப்போடுற எடத்துல குட்டியா கெடந்தவன, எடுத்து வளர்த்து மூணு வருஷம் ஆச்சு. போன வருஷம் ரேபிஸ் ஊசி போட்டோம், சிப்பெல்லாம் வைக்கல. "கடக்கரைல விட்டுட்டுப் போ, மீனத் தின்னு பொழச்சுக்கும்"னு மாமியார் சொல்றாங்க, பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்பிடல. நாட்டு நாய ஃப்ளைட்ல ஏத்துவாங்களா?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்தக் கடக்கரைப் பேச்ச விட்டுருங்க. மூணு வருஷம் வீட்டுச் சோறு தின்னவன படகுத்துறை நாய்ங்க கிட்ட சேக்காதுங்க, கடிச்சு விரட்டிரும். முத்து ஜெர்மனி போகலாம், நாட்டு நாய்ங்கறது ஒரு தடையே இல்ல. ஆனா ரெண்டு மாசத்துல முடியாது, அத இப்பவே சொல்லிடுறேன்.

ஏன்னா நம்ம நாட்டுல ரேபிஸ் இன்னும் இருக்கு, அதனால ஐரோப்பாக்காரங்க இங்க இருந்து வர்ற நாய்க்கு ரத்தப் பரிசோதனை கேக்கறாங்க. அதுல வரிசைதான் முக்கியம். மொதல்ல தோலுக்கு அடில வைக்கற, 15 நம்பர் உள்ள ஐஎஸ்ஓ (உலகத் தரம்) அடையாளச் சிப்பு, அதுக்கப்புறம்தான் ரேபிஸ் ஊசி, ஊசி போட்டு 30 நாளாவது கழிச்சு ரத்தம், ரத்தம் எடுத்த நாள்ல இருந்து 3 மாசம் காத்திருக்கணும். சிப்பு இல்லாம போட்ட ஊசி கணக்குல வராது, அதனால முத்துவுக்குப் போன வருஷம் போட்டது செல்லாது, மறுபடி போடணும். தொண்டிப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு ஊசிய மொதல்ல போட்டு ஒரு வாரம் கழிச்சு சிப்பு வச்சுக் குடுத்துட்டாங்க, யாரும் கவனிக்கல, கடைசி மாசம் பேப்பரப் பாக்கும்போதுதான் தெரிஞ்சுது, எல்லாத்தையும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க, டிக்கெட் காசும் போச்சு. அந்தப் பையன் அழுதது இன்னும் என் கண்ணுல நிக்குது. அதனால மாட்டாஸ்பத்திரில சிப்பு வச்ச தேதியும் ஊசி போட்ட தேதியும் அட்டைல சரியா இருக்கான்னு அங்கயே நின்னு பாருங்க. சிப்பு வச்சு அன்னைக்கே ஊசி போட்டுக்கலாம்.

ரத்தத்துல ரேபிஸ் எதிர்ப்பு சக்தி ஒரு மில்லிக்கு 0.5 ஐயூ-வாவது (அத அளக்கற அலகு) இருக்கணும், ஐரோப்பிய யூனியன் ஒத்துக்கிட்ட லேபுலதான் பாக்கணும். ரத்தத்துல இருந்து சீரம்ங்கற தெளிஞ்ச நீரப் பிரிச்சு குளிர்லயே அனுப்ப வேண்டிய வேலை இது, நம்ம வெயில்ல லேசுப்பட்டதில்ல, அதனால சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி மாதிரி பெரிய எடத்துல எடுக்கறது நல்லதுன்னு நெனைக்கிறேன். ஒருதடவ பாஸாயிட்டா அடுத்தடுத்த ரேபிஸ் ஊசியத் தேதி தவறாம போட்டுட்டே வந்தா அந்த ரிசல்ட்டே போதும்.

இப்ப உங்க பயணத்துக்கு வருவோம். சொந்த நாயா கொண்டு போகணும்னா ஓனர் பயணமும் நாய் பயணமும் 5 நாளுக்குள்ள இருக்கணும். நீங்க முன்னாடி போயிட்டு முத்துவ மட்டும் பின்னாடி அனுப்பினா வியாபாரத்துக்குக் கொண்டு வர்ற நாய் மாதிரி கணக்கு மாறிரும். என் யோசனை, பேப்பர்ல எல்லாம் ஓனர் பேர மொதல்ல இருந்தே உங்க வீட்டுக்காரர் பேர்லயே போடுங்க, நீங்களும் பொண்ணும் கிளம்புங்க, அஞ்சு மாசம் கழிச்சு அவர் லீவுல வந்து கூட்டிட்டுப் போகட்டும், அதுவரைக்கும் உங்க அம்மா வீட்டுலயோ நம்பிக்கையான எடத்துலயோ விடுங்க. பொண்ணுகிட்ட தேதிய காலண்டர்ல காட்டிச் சொல்லுங்க, சாப்பிடுவா.

கடைசி பேப்பர் மத்திய அரசோட விலங்கு தனிமைப்படுத்தல் ஆபீஸ்ல, அங்க போய் எறங்கறதுக்கு முந்தின 10 நாளுக்குள்ள வாங்கணும். மதுரைல அது இல்ல, சென்னைக்குத்தான் போகணும். 500 கிலோமீட்டருக்கு மேல, கார்ல ராத்திரி கிளம்புங்க, ரயில் பிரேக் வேன்ல நாய்ப்பெட்டில போடறது எனக்கு மனசு ஒப்பல.

கூண்ட இப்பவே வாங்கிருங்க. நின்னா தலை, காது மேல இடிக்கக் கூடாது, திரும்பிப் படுக்க எடம் வேணும். கதவத் தொறந்து போட்டு அதுக்குள்ளயே சோறு வைங்க, உங்க பழைய சேலை ஒண்ண விரிச்சு வைங்க, கடக்கரைல காத்தாட ஓடுனவனுக்கு அடைச்ச எடம் பழக மாசக்கணக்காகும். தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம், மேல பறக்கும்போது மூச்சும் ரத்த அழுத்தமும் கெட்டுப்போகும், மயங்கின நாய விமானக் கம்பெனிக்காரங்களும் ஏத்த மாட்டாங்க. அங்க போனதும் நாய் வரி கட்டணும், ஹாம்பர்க்ல நாய்க்கு இன்சூரன்சும் கட்டாயம், வீட்டுக்காரர இப்பவே விசாரிக்கச் சொல்லுங்க.

கேள்வி: துபாய் போறோம், வீட்டுல வளக்கற பச்சைக்கிளிய கொண்டு போகலாமா?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: முடியாதுங்க தம்பி. நம்ம நாட்டுப் பச்சைக்கிளிய 1972 வன உயிரின சட்டப்படி வீட்டுல வளக்கறதே தப்பு. பறக்க விடுறேன்னு மொட்டை மாடில இருந்து தூக்கிப் போட்டுராதீங்க, கூண்டுலயே வளந்தது பூனை வாய்லதான் விழும். ராமநாதபுரம் வனத்துறை ஆபீஸ்ல கொண்டு போய் ஒப்படைச்சிருங்க.