பூஞ்சணம் பிடித்த கச்சான்: துடைத்து வறுத்தால் போதுமா?

நுவரெலியாவில் மழைக்காலத்தில் கச்சானிலும் செத்தல் மிளகாயிலும் பச்சைப் பூஞ்சணம் பிடித்துவிடுவதாகவும், அதைத் துடைத்து வறுத்துச் சாப்பிடலாமா என்றும், ஒரே இனப் பூஞ்சணம் சில வேளைகளில் நஞ்சை உண்டாக்கிச் சில வேளைகளில் உண்டாக்காதிருப்பது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதற்கான விடையில் பாதி அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

கச்சானில் நாம் அஞ்ச வேண்டிய பங்கசு அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ். அது உண்டாக்கும் நஞ்சு அஃப்ளாடொக்சின். 1960இல் இங்கிலாந்தில் கச்சான் பிண்ணாக்கு கலந்த தீவனத்தைத் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்த பின்னரே இந்நஞ்சு கண்டறியப்பட்டது. இதனை ஆக்குவதற்குத் தேவையான ஏறத்தாழ முப்பது பரம்பரையலகுகள் (ஜீன்கள்) அப்பங்கசின் மூன்றாம் நிறமூர்த்தத்தின் ஒரு முனைக்கு அருகில், அடுத்தடுத்து ஒரே கொத்தாக அமைந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஒரு நொதியத்துக்கு உரியவை. ஒரு நொதியத்தின் விளைபொருளை அடுத்தது எடுத்து மாற்றுகிறது. இவ்வரிசையின் தொடக்கத்தில் உருவாகும் நோர்சொலோரினிக் அமிலம் செம்மஞ்சள் நிறமுடையது. அதை மாற்றும் நொதியம் பழுதுபட்ட விகாரிகளை (பரம்பரையலகு மாறிப்போன வகைகளை) வளர்த்தால் அந்நிறம் தேங்கி நிற்பது கண்ணுக்கே தெரியும். கொத்திலுள்ள பரம்பரையலகுகளைத் தேடிப் பிடிக்க ஆய்வாளர்களுக்கு அந்த நிறம் பெரிதும் உதவியது.

இவை அனைத்தையும் இயக்கும் பரம்பரையலகின் பெயர் ஏஎஃப்எல்ஆர். அதன் புரதம் மற்றவற்றின் தொடக்கப் பகுதிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை வேலைக்கு எழுப்புகிறது. கங்காணி வராத மலையில் கொழுந்து எடுப்பு தொடங்காததுபோல, அது இல்லையேல் ஏனையவை வாளாவிருக்கும். அதற்கும் மேலே, 2004இல் அறியப்பட்ட லேஏ என்னும் புரதம் இக்கொத்தை மட்டுமன்றிப் பங்கசின் வேறு பல இரண்டாம்நிலைப் பொருள்களின் (வளர்ச்சிக்கு நேரடியாகத் தேவைப்படாதவற்றின்) ஆக்கத்தையும் ஆள்கிறது. வெப்பநிலையும் இதில் தலையிடுகிறது. 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரையில் நஞ்சு மிகுதியாக உண்டாகும். 37 பாகையிலும் பூஞ்சணம் செழித்தே வளரும், ஆனால் நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும்.

கொத்து பழுதாகிப்போன குலவகைகளும் (ஒரே இனத்துக்குள் காணப்படும் வேறுபட்ட வழிகளும்) இயற்கையிலேயே உண்டு. ஏஎஃப் 36 என்னும் குலவகையில் தொடக்கப்படி நொதியம் ஒன்றுக்குரிய பரம்பரையலகில் ஒரே ஒரு மூலம் (டிஎன்ஏயின் ஓர் எழுத்து) மாறியதால் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் அதை வயல்களில் தூவி, நஞ்சுள்ள குலவகைகளுக்கு இடமில்லாமற் செய்கிறார்கள். ஜப்பானியர் சோயா சோஸ் தயாரிக்கப் பயன்படுத்தும் அஸ்பெர்ஜிலஸ் ஒரைசே இதே பங்கசின் நெருங்கிய உறவினமாயினும் அஃப்ளாடொக்சினை உண்டாக்குவதில்லை. ஆகவே நிறத்தையும் தோற்றத்தையும் வைத்து, இது நஞ்சுள்ளது, இது இல்லாதது என்று எவரும் கூறிவிட முடியாது. என் அனுபவத்தில், “நாட்டுப் பூஞ்சணம், ஒன்றும் செய்யாது” என்பவர்களிடம் இதை விளக்குவதுதான் கடினம்.

நுவரெலியாவின் குளிரில் பிளேவஸ் மந்தமாகவே வளரும் என்பது உண்மை. ஈரப் பாணிலும் அழுகும் அப்பிளிலும் நீங்கள் காண்பவை பெரும்பாலும் பெனிசிலியம் இனங்களாக இருக்கலாம். அவற்றில் சிலவற்றுக்கும் சொந்த நஞ்சுக் கொத்துகள் இருக்கின்றன. ஆனால் நம் கடைகளுக்கு வரும் கச்சான் மொனராகலை போன்ற வெப்பமான உலர்வலயப் பகுதிகளில் விளைவது. காய் முற்றும் காலத்தில் வறட்சி தாக்கினால் மண்ணிலிருக்கும்போதே பங்கசு உள்ளே புகுந்துவிடும். நஞ்சு மூட்டையோடு மலையேறி வந்த பிறகு நம் குளிரால் ஆகப்போவது எதுவுமில்லை.

துடைப்பதால் போவது வித்திகள் மட்டுமே. நஞ்சு பருப்புக்குள் ஊறியிருக்கும். வீட்டில் வறுக்கும் சூட்டில் அதில் ஒரு பகுதி குறையலாமே தவிர முற்றாக அழியாது. ஈரலில் அது மாற்றமடைந்து டிஎன்ஏயிலுள்ள குவானினுடன் பிணைவதால் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. எனவே பூஞ்சணம் தெரியும் பருப்பை எறிந்துவிடுங்கள். மீதியைக் கொட்டி வைத்து, சுருங்கியவை, நிறம் மாறியவை, பூச்சி துளைத்தவை ஆகியவற்றைப் பொறுக்கி நீக்குங்கள். இரு பாதிகளையும் பிளந்தால் நடுவில் பச்சைப் பொடி படிந்திருப்பவையும் சில அகப்படும். ஒரு மூட்டையிலுள்ள நஞ்சின் பெரும்பகுதி சில பருப்புகளிலேயே குவிந்திருப்பதால், இப்படிப் பொறுக்குவது உண்மையிலேயே பயன் தரும். செத்தல் மிளகாயில் அவ்வாறு பிரிப்பது கடினம். அதில் பூஞ்சணம் பரவியிருந்தால் முழுவதையும் விட்டுவிடுவதே நல்லது.