மூளைச் சோர்வும் சத்து மாத்திரையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு இரவு 2 மணி வரை படிக்கிறேன். 200 மி.கி. காஃபினும் எல்-தியனைனும் சேர்ந்த மாத்திரையை 11 மணிக்குப் போடுகிறேன். கொஞ்ச நேரம் சுறுசுறுப்பு, அப்புறம் படபடப்பு. படுத்தால் தூக்கம் வருவதில்லை. மறுநாள் படித்தது நினைவில் இல்லை. அளவைக் கூட்டலாமா?
– தேர்வர், திருச்சி

பதில்: கூட்ட வேண்டாம். பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், போடும் நேரத்தையும் மாற்றுங்கள்.

காஃபின் மூளைக்குச் சக்தி எதையும் கொடுப்பதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது நரம்பணுவில் தனக்குரிய இடத்தில் போய் உட்காரும்போதுதான் கண் சொக்குகிறது. காஃபின் அந்த இடத்தை முந்திப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அடினோசின் எங்கும் போய்விடவில்லை. காஃபின் விலகியதும் மொத்தக் களைப்பும் ஒன்றாக வந்து இறங்கும். விழுங்கிய 30 முதல் 60 நிமிடத்துக்குள் காஃபின் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். அதில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரமாகும். ஆக, நீங்கள் 11 மணிக்குப் போட்ட 200 மி.கி.யில் 100 மி.கி. விடியற்காலை 4 மணிக்கும் உடம்பில் இருக்கிறது. திடமான காபி ஒன்றைக் குடித்துவிட்டுப் படுப்பதும் இதுவும் ஒன்றுதான். படித்தது மனத்தில் பதிவதே தூக்கத்தில்தான் என்பதால், நட்டம் உங்களுக்கு இரட்டிப்பு.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200, ஒரு நாளைக்கு 400 மி.கி. என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் வரம்பு சொன்னது. கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200 மட்டுமே. காபி, டீ, எனர்ஜி டிரிங்க், சில தலைவலி மாத்திரைகள் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். தியனைன் தேயிலையிலேயே உள்ள அமினோ அமிலம். 100 மி.கி. தியனைனோடு வெறும் 50 மி.கி. காஃபின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கவனம் சிதறுவது குறைந்தது. பலன் சிறியதுதான், ஆனால் அதற்கு 200 மி.கி. காஃபின் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

50 முதல் 100 மி.கி. வரை, படுக்கப் போவதற்குக் குறைந்தது 8 மணி நேரம் முன்பு எடுங்கள். முடிந்தால் இரவுப் படிப்பை விடிகாலைக்கு மாற்றுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடிக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை 50 மி.கி. வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். யாராவது காஃபின் பொடி வாங்கச் சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். 10 கிராம் உயிரைப் பறிக்கும் அளவு. சமையலறை ஸ்பூனால் அதைப் பாதுகாப்பாக அளக்கவே முடியாது.

கேள்வி: வயது 46, சுத்த சைவம். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். தெரிந்தவர் பெயர்கூட சட்டென்று வருவதில்லை. மதியமானால் தலை மந்தம், இரவில் உள்ளங்கால் எரிச்சல். மூன்று மாதமாக மல்டிவைட்டமின் போட்டும் பலனில்லை.
– வாசகி, கோவில்பட்டி

பதில்: வேறு எதையும் வாங்குவதற்கு முன் ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். சைவ உணவு, பல ஆண்டு மெட்ஃபார்மின், கால் எரிச்சல் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அசிடிட்டி மாத்திரையும் தினமும் போடுகிறீர்கள் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

ஒரு மி.லி.க்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. பி12 குறையும்போது ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு) மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு குறைவும் இதே மந்தத்தைத்தான் தரும்.

மல்டிவைட்டமின் ஏன் கைகொடுக்கவில்லை? அவற்றில் பல, ஒரு நாளைக்குத் தேவையான 2 மைக்ரோகிராம் அளவில்தான் பி12 வைத்திருக்கும். குடல் வழக்கமான வழியில் ஒரு வேளைக்கு உறிஞ்சுவதும் ஏறத்தாழ அவ்வளவே. அந்த வழியைத்தான் மெட்ஃபார்மின் மட்டுப்படுத்துகிறது. அதைத் தாண்டி விழுங்குவதில் சுமார் நூற்றில் ஒரு பங்கு மட்டும் தானாகக் கசிந்து உள்ளே போகும். 1000 மைக்ரோகிராம் மாத்திரை கொடுப்பதன் கணக்கு அதுதான்: அதிலிருந்து 10 மைக்ரோகிராம் கிடைத்தாலே போதும். உங்களுக்குக் கால் எரிச்சல் இருப்பதால் மருத்துவர் ஊசியில் தொடங்கலாம். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியாகிவிட்டது போலத் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். நரம்புக்கென்று விற்கும் மாத்திரைகள் சிலவற்றில் பி6 மிக அதிகம். அதை நீண்ட நாள் சாப்பிட்டால் அதுவே கால் எரிச்சலை உண்டாக்கும். பெரியவர்களுக்கு நாளுக்கு 12 மி.கி. என்று ஐரோப்பாவில் 2023-ல் வரம்பு வைத்திருக்கிறார்கள், உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் (பி7 வைட்டமின்) அதிகமுள்ள மாத்திரை தைராய்டு பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டக்கூடும். இரண்டு, மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போங்கள்.

பால், தயிரில் பி12 உண்டு. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த ‘ஃபோகஸ்’ பொடி ஒன்றில் 14 பொருட்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு என்று போடவில்லை, மொத்தம் 1,500 மி.கி. என்று மட்டும் இருக்கிறது. சாப்பிடலாமா?
– ஐ.டி. ஊழியர், சென்னை

பதில்: வேண்டாம். இப்படிப் போடுவதற்கு ‘புரொப்ரைட்டரி பிளெண்ட்’ என்று பெயர். பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும் என்பதைத் தவிர, அதிலிருந்து வேறெதுவும் தெரியாது. 1,500 மி.கி.யை 14-ஆல் வகுத்தால் சராசரி 107 மி.கி. ஜிம்முக்குப் போகிறவர்கள் சாப்பிடும் கிரியேட்டின் கிராம் கணக்கில் தேவைப்படும்; நீர்ப்பிரமி (பிரம்மி) மூலிகைச் சாறுக்கு 300 மி.கி. வேண்டும். பெயருக்குத் தூவியிருக்கிறார்கள். உண்மையில் வேலை செய்வது பெரும்பாலும் காஃபின்தான், அதன் அளவும் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வாமை வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஒரு நேரத்தில் ஒரே பொருள், தெரிந்த அளவு, தொடங்கிய தேதியை எழுதி வைப்பது என்ற மூன்றும் இருந்தால்தான் பலனா, பிரமையா என்று புரியும். இங்கே விற்பதில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பிரம்மி என்பதும் வல்லாரை என்பதும் ஒன்றா? பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு எதைக் கொடுப்பது?
– தாய், தஞ்சாவூர்

பதில்: இரண்டும் வேறு வேறு செடிகள். வட இந்தியாவில் சில இடங்களில் வல்லாரையையும் பிரம்மி என்பதால் வந்த குழப்பம் இது. இலை நீளக் காம்பில் ஒற்றையாக, சிறுநீரக வடிவில், ஓரம் பல்பல்லாக இருந்தால் வல்லாரை. சின்னஞ்சிறு தடித்த இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருந்தால் நீர்ப்பிரமி. நினைவாற்றல் குறித்த ஆய்வுகள் கூடுதலாக நடந்திருப்பது நீர்ப்பிரமியில்தான்: பெரியவர்களுக்குத் தினம் 300 மி.கி. சாறு, 12 வாரம். தேர்வுக்கு முந்தைய வாரம் தொடங்கிப் பயனில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் பேதியும் வரும்.

மகளுக்கு மாத்திரை எதுவும் வேண்டாம். வாரம் இரண்டு நாள் வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுங்கள், அது கீரை. எங்கே பறித்தது என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். ஈரத்தில் வளரும் இந்தச் செடிகள் இரண்டும் சாக்கடை நீரிலுள்ள ஈயம், காட்மியத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: ஜிம்முக்குப் போகிறவர்கள் சாப்பிடும் கிரியேட்டின் மூளைக்கும் நல்லதாமே?
– வாசகர், ஈரோடு

பதில்: காரணம் இருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. தீர்ந்ததும் கிரியேட்டின் பாஸ்பேட் அதை உடனே மீட்டுத் தருகிறது. 2003-ல் ஆஸ்திரேலியாவில் 45 இளம் சைவர்களிடம் நடந்த ஆய்வில், தினம் 5 கிராம், 6 வாரம் எடுத்தபோது வேலை நினைவாற்றல் (ஒன்றைச் சிறிது நேரம் மனத்தில் வைத்துக்கொண்டு கையாளும் திறன்) கூடியது. பின்னால் வந்த பெரிய ஆய்வில் பலன் மிகச் சிறியதாகவே தெரிந்தது. தூக்கம் கெட்ட நாட்களில் பயன் சற்றுக் கூடுதல் என்று தோன்றுகிறது. நன்றாகத் தூங்கி, கறி மீன் சாப்பிடுபவர் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மோனோஹைட்ரேட் வகையில் தினம் 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் தினம் 20 கிராம் என்ற பேச்சைக் கேட்டால் வயிறு கெடும். கரைத்ததும் குடித்துவிடுங்கள், பாட்டிலில் நாள்கணக்கில் வைத்தால் கிரியேட்டினினாகச் சிதையும். ரத்தத்திலும் கிரியேட்டினின் சற்று ஏறும். பரிசோதனைக்கு முன் சொல்லாவிட்டால் சிறுநீரகம் பழுதென்று பயந்துவிடுவீர்கள். சிறுநீரகக் கோளாறு உண்மையிலேயே உள்ளவர்கள் தொடவே கூடாது.

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரைக்குப் பதில் ஆளி விதை போதுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மூளை பயன்படுத்துவது டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பை. ஆளி விதையில் இருப்பது அதற்கு முந்தைய வடிவம். உடம்பு அதில் மிகக் கொஞ்சத்தையே மாற்றுகிறது. சாதாரண 1000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரையிலும் டி.எச்.ஏ. 120 மி.கி.தான். உங்கள் ஊரில் மத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும்போது வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்தால் போதும், எண்ணெயில் பொரிக்காமல்.