நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பாலை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு இன்னும் பத்து நாளில் கன்று போடும். போன ஈற்றில் நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கொடுத்தோம். ஆறாம் நாள் கன்று கழிச்சலில் இறந்துவிட்டது. இந்த முறை என்ன செய்ய வேண்டும்?

பதில்: நஞ்சுக்கொடிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் அதன் வயிற்றுக்குள் போய்விட வேண்டும்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருவிலேயே கிடைத்துவிடும். பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. கன்றுக்கு இருக்கும் ஒரே வழி சீம்பால். அந்தப் புரதங்களைச் சிதைக்காமல் இரத்தத்துக்குள் விடும் தன்மை கன்றின் குடலுக்கு முதல் 24 மணி நேரம்தான் உண்டு. அதுவும் 6 மணி நேரத்துக்குப் பிறகு வேகமாகக் குறைந்துவிடும். நஞ்சுக்கொடி விழவோ 8, சில சமயம் 12 மணி நேரம்கூட ஆகும். போன கன்று இதனால்தான் இறந்தது என்று நேரில் பார்க்காமல் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகிறது.

பால் குடித்தால் கொடி தங்கிவிடும் என்ற பயமும் தேவையில்லை. கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருங்க வைக்கும். கொடி விழ அதுவே உதவி.

அளவு, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். பாதிக்கு மேல் முதல் 2 மணி நேரத்திலும் மீதி 12 மணி நேரத்துக்குள்ளும் போகட்டும். மடியைக் கழுவி, முதல் பீச்சலை விட்டுவிட்டு ஊட்டுங்கள். எழ முடியாத கன்றுக்குக் கறந்து, சூடு ஆறுவதற்குள் ரப்பர் காம்பு போட்ட பாட்டிலில் கொடுங்கள். தலையை அண்ணாத்தி ஊற்றாதீர்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும். சீம்பாலைக் காய்ச்சவும் கூடாது. அந்தப் புரதங்கள் கெட்டுவிடும். வீட்டில் சீம்பால் கிண்டுவது கன்றின் பங்கு போக மிஞ்சியதில் இருக்கட்டும்.

அப்புறம், தொப்புள்கொடி. உடம்பிலிருந்து ஓர் அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, கீழே வெட்டி, டிங்சர் அயோடின் தடவுங்கள்.

12 மணி நேரம் தாண்டியும் நஞ்சுக்கொடி விழாவிட்டால் இழுக்கவோ, அதில் கல் கட்டித் தொங்கவிடவோ வேண்டாம். கால்நடை மருத்துவரை அழையுங்கள், அல்லது கால்நடை அவசர உதவி எண் 1962-க்குப் போன் செய்யுங்கள்.